சென்டர் கேப் வாங்கும்முன் வண்டி பேரை விடுங்கள், ரிம்மை அளந்து பாருங்கள்

கேரளத்தில் பாலக்காடு பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2013 மாடல் ஐ20, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு முந்தைய ஓனர் வெளியில் வாங்கிய அலாய் ரிம் போட்டிருக்கிறார். முன் வீல் இரண்டிலும் ரிம்மின் நடுத்துளையை மூடும் சென்டர் கேப் இல்லை. முதலில் ஹூண்டாய் கேப் வாங்கினார், அது உள்ளேயே போகவில்லை. பிறகு எங்கோ ஐ20-க்கு 54 என்று படித்துவிட்டு 54 மில்லிமீட்டர் கேப்பை ஆன்லைனில் வரவழைத்தார். அது துளைக்குள் விழுந்து ஆடுகிறது. "என் வண்டிக்கு எந்த சைஸ்தாண்ணா?" என்பது கேள்வி.

தம்பி, உங்கள் வண்டிக்கு என்று ஒரு சைஸ் கிடையாது. உங்கள் ரிம்முக்குத்தான் உண்டு. கேப் உட்காருவது ரிம்மில். கம்பெனி ரிம் இருந்தவரை காரின் பெயரைச் சொல்லிக் கேப் கேட்பதில் அர்த்தம் இருந்தது. ரிம்மை மாற்றிய நிமிடமே அந்தப் பெயர் உதவாமல் போய்விட்டது. இனி கடைக்காரரிடம் "ஐ20 கேப் இருக்கா?" என்று கேட்டால் அவரும் நல்ல மனதோடு தவறான சாமானைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

அந்த 54 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் இதில் தடுமாறுவது நீங்கள் மட்டும் இல்லை. வீலை நட் போட்டு மாட்டும் சுழலும் பகுதியைத்தான் ஹப் என்பார்கள். ஐ20-இன் ஹப் நடுவில் வட்டமாக ஒரு மேடு இருக்கும். ரிம்மின் பின்பக்கத் துளை அதன்மேல்தான் போய் உட்காரும். அந்தத் துளையின் அளவு 54.1 மில்லிமீட்டர். அலாய் விற்கிற எல்லாரும் எழுதி வைத்திருப்பது இந்த எண்ணைத்தான். ஹோண்டா சிட்டிக்கு அது 56.1, போலோவுக்கு 57.1, இன்னோவாவுக்கு 60.1. இவை எல்லாம் வண்டியோடு ரிம் சேரும் இடத்தின் அளவு. கேப் உட்காருவது ரிம்மின் முன்பக்கம். பின்னால் ஒரு அளவு, முன்னால் வேறொரு அளவு என்று ஒரே ரிம்மில் இருப்பது சகஜம்.

வெளியில் வாங்கும் அலாயில் இது இன்னும் குழப்பம். பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று பின்துளையை 73.1 என்று பெரிதாகவே வைத்துவிடுவார்கள். பிறகு உங்கள் ஹப்புக்கு ஏற்ப ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையத்தை உள்ளே போட்டு 54.1-க்குக் குறைப்பார்கள். வீலைக் கழற்றும்போது அப்படி ஒரு வளையம் கையோடு வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்டர் கேப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீல் நடு மாறாமல் உட்காருவதற்கு அது வேண்டும். அது இல்லையென்றால் ஸ்டீயரிங் உதற வாய்ப்புண்டு.

இன்னொரு விஷயம். 54 மில்லிமீட்டர் கேப் என்று ஆன்லைனில் தேடினால் வந்து நிற்பதில் பாதி ஃபோர்டு கேப்பாகத்தான் இருக்கும். ஃபோர்டின் ஹேட்ச்பேக், எக்கோஸ்போர்ட் ரிம்களுக்கு அந்த அளவு. நீங்கள் ஹப்பின் எண்ணைப் போட்டுத் தேட, ஃபோர்டின் கேப் அளவு வந்து மாட்டிக்கொண்டது.

சரி, எதை அளக்க வேண்டும்? வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும், மில்லிமீட்டரின் பகுதியைக்கூட அளக்கும் கருவி அது. பள்ளிக்கூட ஸ்கேல் போதாது, ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கேப் நிற்காது. அருகில் இருக்கும் லேத் பட்டறையில் கேட்டால் அவர்களே அளந்து தருவார்கள். அளக்கும்முன் துளையை நன்றாகக் கழுவித் துடையுங்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் கரிசல் மண். மழைக்காலத்தில் அது உள்ளே போய் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். அந்த மண்ணோடு அளந்தால் ஒரு மில்லிமீட்டர் குறைவாகவே காட்டும்.

முதல் அளவு, கேப்பின் முகம் வந்து உட்காரும் பள்ளத்தின் குறுக்களவு. ரிம்மின் முன்பக்கம் ஒரு சின்ன படி தெரியும், கேப்பின் விளிம்பு அதில்தான் படியும். இரண்டாவது, அந்தப் படிக்கு உள்ளே கிளிப்புகள் நுழையும் துளையின் குறுக்களவு. வாங்கும் கேப் நிற்குமா விழுமா என்று தீர்மானிப்பது இதுதான். மூன்றாவது ஆழம். கேப்பின் முகம் இருக்கும் இடத்திலிருந்து உள்ளே இருக்கும் ஆக்ஸில் நட் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். துளையை ஒரே திசையில் அளந்துவிட்டு நிறுத்தாமல், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று இடத்தில் அளங்கள். பழைய ரிம்மில் டயர் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய இடம் நசுங்கியிருக்கும்.

அப்புறம் உங்களிடம் பின் வீலில் இரண்டு கேப் மிச்சம் இருக்கிறதே, அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஒன்றைப் பத்திரமாகக் கழற்றி அதன் முகத்தையும், கிளிப்புகளின் வெளி முனையிலிருந்து எதிர் முனை வரை உள்ள அளவையும் எடுங்கள். கிளிப்பின் கொக்கி துளையைவிட ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாகத்தான் இருக்கும். அழுத்தும்போது வளைந்து உள்ளே போய், அந்தப் பக்கம் விரிந்து பிடிக்க வேண்டும் அல்லவா? உதாரணமாக ரிம்மின் பள்ளம் 60, துளை 56 என்று வந்தால், நீங்கள் தேட வேண்டியது முகம் 60-க்குச் சற்றுக் குறைவாகவும், கிளிப் 57 சுற்றியும் உள்ள கேப். கிளிப் எண்ணிக்கை ஐந்தா ஆறா என்பது பெரிய விஷயமில்லை. கொக்கி உள்ளே எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்பது முக்கியம். சில ரிம்மில் உதடு மாதிரி ஒரு விளிம்பு முன்னாலேயே இருக்கும், சிலவற்றில் சற்று உள்தள்ளி இருக்கும். கிளிப் குட்டையாக இருந்தால் அந்த உதட்டை எட்டாமல், கை எடுத்ததும் கழன்றுவிடும்.

ஆன்லைனில் விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் போடுகிறார்கள். அது முகமா கிளிப்பா என்று சொல்வதில்லை. ஃபோக்ஸ்வாகனில் ஓடும் ஒரு கேப்பை எடுத்துக்கொண்டால் முகம் 65, கிளிப் 56. இதில் எதைச் சொன்னாலும் பொய்யில்லை, ஆனால் வாங்குகிறவருக்குப் பாதி தகவல்தான். இரண்டு எண்ணும் இல்லாத பொருளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கேப்பின் பின்பக்கப் படமும் இருக்க வேண்டும். முன்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே அளவு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். பி.எம்.டபிள்யூவில் பல காலம் ஓடிய கேப் 68 மில்லிமீட்டர், புதிய மாடல்களில் 56.

மிச்சமிருக்கும் கேப்பைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி கேப்பாக இருந்தால் பார்ட் நம்பர் அச்சில் இருக்கும். ஹூண்டாய் என்றால் 52960 என்று தொடங்கும், டொயோட்டா 42603, ஹோண்டா 44732. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் நடுவில் 601 171 என்று வரும். அந்த முழு எண்ணைக் கொண்டு தேடினால் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கம்பெனி ரிம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதுதான் சுலபமான வழி. சேசிஸ் நம்பரோடு ஷோரூம் ஸ்பேர் கவுண்டருக்குப் போய், வேரியன்ட்டைச் சொல்லிக் கேளுங்கள். பாலக்காட்டில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் பாக்கெட்டின் மேல் இருக்கும் எம்.ஆர்.பி. ஒன்றுதான். ஆனால் ஒரே மாடலில் டாப் வேரியன்ட்டின் அலாய்க்கும் கீழ் வேரியன்ட்டின் ஸ்டீல் ரிம்முக்கும் கேப் வேறு வேறு, இதைக் கவுண்டரில் இருப்பவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்களுடையது வெளி அலாய் என்பதால் கேப்பின் பின்னால் பார்ட் நம்பர் இல்லாமல், அலாய் கம்பெனியின் எழுத்தோ ஒரு சின்ன குறியீடோ மட்டும் இருக்கலாம். அதையும் போட்டோ எடுங்கள். வீலைக் கழற்றினால் ஸ்போக்கின் பின்பக்கம் இன்னும் விவரம் கிடைக்கும். 15x6J என்று ரிம் அளவு, ET என்று தொடங்கி ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு), ஜே.டபிள்யூ.எல். என்கிற ஜப்பானியத் தர முத்திரை, சில சமயம் மாடல் நம்பர். நியோ, பிளாட்டி போல நம் நாட்டிலேயே விற்கிற அலாய் என்றால் டீலரிடம் அந்த மாடல் நம்பரைச் சொல்லிக் கேப் மட்டும் தனியாகக் கேட்கலாம். அலாய் கம்பெனியின் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியின் இரண்டு டிசைனுக்கு இரண்டு அளவில் கேப் இருக்கும்.

டீலரிடம் இல்லையென்றால் அடுத்து எங்கே? முதலில் டயர் கடைகள். பாலக்காடு, பொள்ளாச்சி இரண்டு ஊரிலும் கொஞ்சம் பழைய டயர் கடை என்றால் மூலையில் ஒரு டப்பா இருக்கும், அதில் ஜோடி இல்லாத கேப்புகள் குவிந்து கிடக்கும். யாரோ மறந்து விட்டுப்போனவை. உங்கள் கேப்பைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவைக் கிளறுங்கள். கிடைத்தால் டீ காசுக்கு முடிந்துவிடும். அடுத்தது கோவை உக்கடம் பக்கத்துப் பழைய ஸ்பேர் கடைகள். அங்கே போகும்போது போட்டோவை நம்பிப் போகாதீர்கள், கேப்பையோ, முடிந்தால் ஸ்டெப்னியையோ காரில் வைத்துக்கொண்டு போங்கள். ஸ்டெப்னி பல வண்டிகளில் ஸ்டீல் ரிம்மாக இருக்கும், அப்போது அது உதவாது என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். கடை வாசலில் ரிம்மில் வைத்து அழுத்தி, கையால் தட்டி, விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய கேப் வாங்கும்போது கிளிப்புகளை ஒவ்வொன்றாக லேசாக வளைத்துப் பாருங்கள். வெளிறிப்போய், வளைக்கும்போது வெள்ளைக் கோடு விழுந்தால் அது சீக்கிரம் முறியும். கிளிப்புக்கு உள்ளே ஒரு கம்பி வளையம் இருக்கும் ரகமும் உண்டு. ஸ்பிரிங் மாதிரி கிளிப்பை வெளியே தள்ளிக்கொண்டிருப்பது அந்தக் கம்பிதான். பழைய கேப்பில் அது இல்லையென்றால் கேப் நன்றாக இருந்தும் பிடிக்காது. உங்கள் உடைந்த கேப்பில் கம்பி மிச்சம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோவை பக்கத்தில் இருக்கும்போது அதற்கு ஏன் கவலை? கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நைலான் ராடில் ஒரு கேப்பைக் கடைந்து தரச் சொல்லுங்கள். முன்னால் படிக்கு ஏற்ற விளிம்பு, பின்னால் துளைக்குள் போகும் உடம்பு, அந்த உடம்பைச் சுற்றி ஒரு காடி, காடியில் ரப்பர் ஓ-ரிங். கிளிப்பே வேண்டாம், ஓ-ரிங்கின் இறுக்கமே பிடித்துக்கொள்ளும். கழற்றுவதற்குப் பின்னாலிருந்து தள்ளினால் போதும். அலுமினியத்திலும் செய்யலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் எனக்கு நைலான்தான் பிடிக்கும். ஓட்டத்தில் கழன்று பறந்தால் பின்னால் வரும் பைக்காரர் மேல் அலுமினியத் துண்டு விழக்கூடாது.

3டி பிரிண்ட் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், பிளாஸ்டிக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். சாதாரணமாகப் பிரிண்ட் எடுக்கும் பி.எல்.ஏ. 60 டிகிரி சூட்டிலேயே தளர ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் நிறுத்திய கார், போதாததற்குப் பிரேக் சூடு. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிவிட்டு வந்து ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் தெரியும். நெல்லியாம்பதி இறக்கமும் அப்படித்தான். ஆகவே ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், அவை 100 டிகிரி வரை தாங்கும். ஏ.எஸ்.ஏ. வெயிலுக்கும் நிற்கும். கிளிப்பைப் பிரிண்ட் செய்யும்போது அடுக்குகள் கிளிப்பின் நீளவாக்கில் வரும்படி படுக்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் அழுத்திலேயே அடுக்கு பிரிந்து முறியும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் இரண்டு செட் கேப். ஹூண்டாய் கேப் போகவில்லை என்றீர்கள். எதனால் போகவில்லை என்று பாருங்கள். முகம் பள்ளத்தில் சரியாக அமர்ந்து, கிளிப் மட்டும் அரை மில்லிமீட்டர் இறுக்கமாக இருந்தால், கொக்கியின் முனையை உப்புக்காகிதத்தில் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். முகமே பள்ளத்தைவிடப் பெரிது என்றால் விட்டுவிடுங்கள், திருப்பிக் கொடுப்பதே மேல். 54 கேப் ஆடுகிறது என்றால் அதற்கு வைத்தியம் கிடையாது. கிளிப்பில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி லேசான ஆட்டத்தை நிறுத்தலாம், அதுவும் தற்காலிகம்தான். நாலு சுற்று சுற்றினால் முதல் மழையிலேயே டேப்பும் கேப்பும் சேர்ந்து போய்விடும்.

ஃபெவிக்விக், அரால்டைட் போட்டு ஒட்டிவிடு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வீல் பேலன்சிங் மெஷினில் ரிம்மின் நடுத்துளை வழியாகத்தான் கோனை விட்டு இறுக்குவார்கள். கேப்பைக் கழற்றாமல் அந்த வேலை நடக்காது. ஒட்டிய கேப்பை டயர் கடைப் பையன் சுத்தியலால்தான் எடுப்பான், ரிம்மின் பெயின்ட்டும் சேர்ந்து வரும். பாதி கேப்புகள் தொலைவதும் இந்தப் பேலன்சிங் சமயத்தில்தான். வீல் வண்டியில் இருக்கும்போதே முன்னாலிருந்து நெம்பினால் ஒரு கிளிப் முறியும், மிச்ச கிளிப்போடு திருப்பி மாட்டிக் கொடுப்பார்கள், உங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து எங்கோ ஒரு குழியில் கேப் கழன்று போகும். வீலைக் கழற்றிய பிறகு பின்னாலிருந்து ஒரு மரக்கட்டையால் தட்டினால் முழுசாக வெளியே வரும். கடையில் நின்று இதை மட்டும் சொல்லிவிடுங்கள். கழற்றியதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே மாட்டுங்கள்.

கேப் இல்லாமல் வண்டி ஓட்டலாமா? ஓட்டலாம். சென்டர் கேப் வீலைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. முன் வீலில் உள்ளே தெரிவது ஆக்ஸில் நட். தண்ணீர் பட்டு அது துருப்பிடிக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பேரிங் தனியாக சீல் செய்யப்பட்டது. பின் வீல் கதை வேறு. பல ஹேட்ச்பேக்குகளில் பின் ஹப்பின் நடுவில் கிண்ணம் போல ஒரு தகர மூடி அடித்து இறுக்கியிருக்கும். அது கிரீஸ் மூடி. உள்ளே இருக்கும் நட்டையும் பேரிங்கையும் தண்ணீர், மண்ணிலிருந்து காப்பது அதுதான். சென்டர் கேப் விழுந்த இடத்தில் அந்தத் தகர மூடியும் இல்லாமல் கிரீஸ் தெரிந்தால், அலங்காரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நேராக மெக்கானிக்கிடம் போங்கள். அந்த மூடி சில ரிம்மில் வெளியே துருத்திக்கொண்டும் நிற்கும். முன் வீலில் சரியாகப் பொருந்திய தட்டையான கேப் பின் வீலில் முட்டி நிற்பது அதனால்தான். நாலு கேப்பும் ஒன்றாக வாங்குவதாக இருந்தால், ஆழத்தைப் பின் வீலிலும் அளந்துவிடுங்கள்.

"கேப் எல்லாம் கிடைக்காது சார், புது அலாய் செட்டே போட்டுடுங்க" என்று ஒரு கடைக்காரராவது சொல்வார். இரண்டு கேப்புக்காக நாலு ரிம் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் உங்கள் வண்டி கேரளப் பதிவு. மாற்றம் செய்த வண்டி விஷயத்தில் அங்கே எம்.வி.டி., அதாவது மோட்டார் வாகனத் துறை, கண்டிப்பு. கம்பெனி தந்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தந்த தீர்ப்பும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். பெரிய ரிம்மும் அகல டயரும் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் மாநில எல்லையான வாளையாரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரையும். கேப் போட்டுக்கொள்வதில் அந்த வம்பு ஒன்றும் இல்லை.

கேப்பின் முகத்தில் லோகோ வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பாருங்கள். அளவு பொருந்தும் சாதா கேப்பை வாங்கி, நடுவில் இருக்கும் தட்டையான வட்டத்தை அளந்து, அந்த அளவுக்கு மேடான ஜெல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டிக்கர் கடையில் வெட்டியே தருவார்கள். லோகோவைப் பார்த்துக் கேப் வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்து நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின் வீல் ஒன்றைக் கழற்றி, கேப்பைப் பின்னாலிருந்து தட்டி எடுங்கள். பள்ளம், துளை, ஆழம் மூன்றையும், கேப்பின் முகம், கிளிப் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கேப்பின் பின்பக்கமும் ஸ்போக்கின் பின்பக்கமும் ஒவ்வொரு போட்டோ. வீலைத் திரும்ப மாட்டும்போது நட்டைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள், அந்த ஹப் வளையம் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்பினால் எந்த கம்பெனி கேப் அதற்குக் கிட்ட வரும் என்று சொல்கிறேன். அதுவரை புதிதாக எதையும் ஆர்டர் போட வேண்டாம்.